ராஜாங்கத்துக்கு வைத்தியம் சொன்ன ருடால்ப் விர்ச்சோ

நோயுற்றவருக்கு மருந்து கொடுப்பவரை வைத்தியர் என்று உலகம் போற்றுகின்றது. நோய் வரும் வழியையே அடைப்பதற்காக ஓர் ஊரின் வரியையும், பள்ளியையும், சாக்கடையையும், சந்தையையும் திருத்த முற்படுபவருக்கு அத்தகைய போற்றுதல் எளிதிற் கிட்டுவதில்லை. அவர் தடுத்த மரணங்களைக் கண்ணாற் கண்டவர் ஒருவருமிலர். அவர் கேட்ட செலவுத் தொகையையோ எல்லாரும் கண்டிருப்பர். இக்காரணத்தால் அத்தகையோர் தம் வாழ்நாளில் எதிர்ப்பையும் வசையையும் பெறுவதே பெரும்பான்மை. ஜெர்மன் தேசத்திற் பிறந்து, வைத்திய சாஸ்திரத்திலும் நகர பரிபாலனத்திலும் ஒருங்கே பெயர்பெற்ற ருடால்ப் விர்ச்சோ என்னும் பெரியாரின் சரித்திரத்தை நம் அன்பர்களுக்கு இம்மாதம் எடுத்துக் கூற விரும்புகின்றோம். சர்க்கார் செய்யும் காரியம் எதுவாயினும் அது பிரஜைகளின் ஆரோக்கியத்தைத் தொட்டே தீரும் என்னும் உண்மைக்கு அவருடைய வாழ்க்கை தக்கதோர் உதாரணமாகும்.

பிறப்பும் கல்வியும்

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13ஆம் தேதி, பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்த பொமரேனியா மாகாணத்தில் ஷீவெல்பைன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அவ்வூர் இப்போது போலந்து தேசத்தில் உள்ளது. அவர் தந்தையார் சிறு பண்ணை ஒன்றை நடத்திக்கொண்டு, ஊர்ப் பொக்கிஷக் கணக்கையும் பார்த்து வந்தார். குடும்பம் பெருஞ்செல்வம் படைத்ததன்று. ஆதலின், படைக்கு வைத்தியர்களைத் தயாரிப்பதற்காக அரசாங்கம் பெர்லின் நகரில் நடத்திவந்த கல்விச்சாலையில் 1839ஆம் ஆண்டு அவர் சேர்ந்தார். அங்கே ஏழை மாணவரும் வைத்தியம் பயில இடமிருந்தது. 1843இல் பட்டம் பெற்று, அந்நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியாகிய ஷாரிட்டேயில் அமர்ந்தார்.

அக்காலத்தில் வைத்திய நூலார் பலர், நோயின் காரணத்தைப் பற்றி மனத்தால் யூகித்து நூலெழுதுவதிற் பெருமை கொண்டிருந்தனர். விர்ச்சோவோ இறந்தவர் உடலை அறுத்துச் சோதித்து, பூதக்கண்ணாடியிற் கண்டதை மட்டுமே நம்புவதென்ற உறுதி பூண்டார். 1846இல் பிரேத பரிசோதனை செய்யும் அதிகாரியாக நியமனம் பெற்று, அடுத்த ஆண்டில் பென்னோ ரைன்ஹார்ட் என்னும் நண்பருடன் சேர்ந்து வைத்திய ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். கண்டதைக் கண்டவாறே கூறும் இப்பழக்கம் ஆஸ்பத்திரிக்குள் அடங்கியிருந்தவரை ஆட்சியாளருக்கு யாதொரு தொல்லையும் உண்டாகவில்லை.

சைலீஷியா யாத்திரை

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரஷ்யாவின் தெற்கெல்லையாகிய மேல் சைலீஷியாவில் டைபஸ் என்னும் கொடிய விஷஜுரம் பரவியிருந்தது. பத்திரிகைகள் இதனை எழுதி எழுதிச் சர்க்காரை நெருக்கவே, மந்திரி சபையார் தாமும் ஏதேனும் செய்ததாகக் காட்டவேண்டிய நிலைமைக்கு வந்தனர். அந்நாளில் பிரஷ்யாவில் சுகாதாரத்துக்கெனத் தனி இலாகா இல்லை. மதம், கல்வி ஆகிய விஷயங்களைக் கவனித்த மந்திரியே இதையுங் கவனித்து வந்தார். அவ்விலாகாவினர் பாரெஸ் என்னும் மூத்த அதிகாரியையும், இருபத்தாறு வயதினரான விர்ச்சோவையும் அப்பிரதேசத்துக்கு அனுப்பினர். பிப்ரவரி மாதம் 20ஆம் தேதி புறப்பட்ட விர்ச்சோ, ரிப்னிக், பிளெஸ் முதலிய ஜில்லாக்களில் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாகவே தங்கினார். அவ்விருபது நாட்கள் அவருடைய வாழ்க்கையையே வேறு திசையிற் செலுத்திவிட்டன.

அங்கே அவர் கண்டது யாது? ஜனங்களிற் பெரும்பாலோர் போலிஷ் பாஷை பேசுவோர். அவர்களை ஆண்டவர்களோ ஜெர்மன் பாஷை பேசும் உத்தியோகஸ்தர்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்திலும் பாடம் புரியாத பாஷையில் நடந்தது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைக் குடிசையிற் பலர் நெருங்கி வசித்தனர். குளிர்காலத்தில் ஆடுமாடுகளும் அவ்விடத்திலேயே அடைக்கலம் புகுந்தன. அவர்களுடைய உணவு உருளைக்கிழங்கும், பாலும், புளித்த கோசுக்கீரையுமேயாம். தொடர்ந்து சில ஆண்டுகள் கிழங்கு அழுகிப்போகவும், 1847இல் பெருமழையால் தானியமுங் கெடவும், புல்லையும் பூண்டையும் தின்று உயிர் தாங்கினோர் பலர். நிலத்தின் பெரும்பகுதி சில பிரபுக்களின் கையில் இருந்தது. அவர்களோ தூரதேசத்து நகரங்களில் அந்த வருமானத்தைச் செலவிட்டனர். பசியால் மெலிந்த உடலையும், மாற்றுத் துணியில்லாத வறுமையையும், நெருக்கமான குடிசையையும் பற்றிக்கொண்டு ஜுரம் வீடுவீடாகச் சென்றது.

திரும்பி வந்ததும் விர்ச்சோ நீண்டதோர் அறிக்கை எழுதித் தம் பத்திரிகையில் வெளியிட்டார். சர்க்கார் எதிர்பார்த்தது மருந்துகளின் பட்டியலும், வைத்தியர்களை எத்தனை பேர் அனுப்புவதென்ற யோசனையுமாக இருக்கலாம். அவையும் அதில் இருந்தன. உடனடியாக உணவு வழங்கவேண்டுமென்ற யோசனையும் இருந்தது. ஆயினும் அறிக்கையின் சாரம் வேறு. இவ்வியாதி மீண்டும் வாராதிருக்க வேண்டுமாயின், ஜனங்களுக்குத் தம் காரியத்தைத் தாமே நடத்தும் உரிமை வேண்டும், அவர்களுடைய தாய்பாஷையிற் கல்வி வேண்டும், ஏழைகள்மேற் கிடக்கும் வரிச்சுமை செல்வர்பால் மாறவேண்டும், சாலைகள் வேண்டும், பயிர்த்தொழில் திருந்தவேண்டும், மதகுருமாரின் ஆதிக்கம் ராஜாங்க காரியத்திலிருந்து நீங்கவேண்டும். இவையே அவ்விளைஞர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு. வைத்தியரைக் கேட்டதற்கு அரசியல் பேசுகிறாரே என்று ஆட்சியாளர் முகஞ் சுளித்தனர்.

இங்கே நம் அன்பர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். டைபஸ் ஜுரத்தைச் சீலைப்பேன்களே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்கின்றன என்பதைச் சார்லஸ் நிக்கோல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1909ஆம் ஆண்டிற்றான் கண்டுபிடித்தார். விர்ச்சோவுக்கு அது தெரியாது. நெருங்கிய குடிசையிலும் மாற்றியுடுக்க வகையற்ற துணியிலும் சீலைப்பேன் பெருகும் என்பதை நாம் இன்று அறிவோம். கிருமியையும் பேனையும் அறியாத காலத்திலேயே, அப்பேன் பெருகுதற்குரிய நிலைமையை அவர் சரியாகச் சுட்டிவிட்டார். அவர் கேட்ட வீடும், உணவும், கூலியும், கல்வியும் அங்கே அமைந்திருந்தால் ஜுரத்துக்கு இடமேது?

பதவி இழந்தமை

அவர் பெர்லினுக்குத் திரும்பிய சில நாட்களுக்குள், மார்ச் மாதம் 18ஆம் தேதி, அந்நகரில் ஜனங்கள் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். வீதிகளிற் காப்பரண் எழுப்பியவர்களோடு விர்ச்சோவும் நின்றார். அவ்வாண்டு ஜூலையில், வைத்தியச் சீர்திருத்தத்துக்கென வாரப்பத்திரிகை ஒன்றை லாய்புஷர் என்னும் நண்பருடன் தொடங்கி, மறு ஆண்டு ஜூன் வரையில் நடத்தினார். ஏழைகளுக்கு வைத்திய உதவி அளித்தல் தருமமன்று, ராஜாங்கத்தின் கடமை என்பதே அப்பத்திரிகையின் கொள்கை. கிளர்ச்சி அடங்கி, பழைய அதிகாரம் மீண்டும் தலையெடுத்தபோது, 1849ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சர்க்கார் அவரைப் பதவியினின்று நீக்கிற்று. சக வைத்தியரும் மாணாக்கரும் முறையிட்டதன்மேல் வேலை திரும்பக் கிடைத்தது. ஆயினும் குடியிருக்க அளித்திருந்த இடமும், சாப்பாட்டு வசதியும் பறிபோயின.

அதே ஆண்டின் பிற்பகுதியில், பவேரிய ராஜ்யத்து வூர்ட்ஸ்பர்க் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கே ஏழாண்டுகள் ஆராய்ச்சியில் அமைதியாக மூழ்கினார். 1850இல் ரோஸ் மேயர் என்னும் அம்மையாரை மணந்தார். 1852இல் ஸ்பெஸ்ஸார்ட் மலைப்பிரதேசத்தில் பஞ்சம் உண்டானபோது பவேரிய சர்க்கார் அவரை விசாரிக்க அனுப்பிற்று. இம்முறை சொல்லிற் காரம் குறைந்திருந்தது. கருத்து மட்டும் மாறவில்லை. கல்வியும், செழிப்பும், சுதந்திரமும் இல்லாத இடத்தில் ஆரோக்கியம் நிலைக்காது என்றே மீண்டும் எழுதினார்.

1856இல் பெர்லின் சர்வகலாசாலை அவருக்கெனவே நோய்க்கூற்று ஆராய்ச்சிச்சாலை ஒன்று ஏற்படுத்தித் திரும்ப அழைத்தது. உயிரணுக்களில் உண்டாகும் மாறுதலே நோய் என்பதை விளக்கும் அவருடைய பிரசித்தமான நூல் 1858இல் வெளிவந்தது. அந்நூலால் உலகப் புகழ் வந்தெய்தியது. அப்புகழோடு நின்றுவிட்டிருந்தாலும் சாஸ்திர சரித்திரத்தில் அவருக்கு நிலையான இடம் உண்டு. அவரோ மறு ஆண்டே, 1859இல், பெர்லின் நகரசபைக்கு அங்கத்தினராயினார். அன்றுமுதல் 1902இல் உயிர் நீங்கும்வரை 43 ஆண்டுகள் ஊதியமின்றி அச்சபையில் உழைத்தார்.

பெர்லின் சாக்கடை

நகரசபையில் அவர் கைக்கொண்ட காரியங்களிற் பெரியது கழிவுநீர் விஷயம். அந்நாளைய பெர்லினில் வீட்டுக் கழிவுநீர் தெருவோரத்துத் திறந்த வாய்க்கால்களில் தேங்கிக் கிடந்தது. மலம் முற்றத்துக் குழிகளில் நிரம்பியது. 1856இல் ஓர் ஆங்கிலக் கம்பெனி குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது. வீட்டுக்குள் நீர் தாராளமாக வந்ததேயன்றி, வெளியேறுவதற்கு வழியில்லை. ஆகவே வாய்க்கால்கள் முன்னினும் அதிகமாக நாறின. நல்ல நோக்கத்தோடு செய்த காரியமும், அதன் மறுபாதியைச் செய்யாமல் விட்டால் தீங்காக முடியும் என்பதற்கு இஃதொரு சான்று. நகரமோ வளர்ந்துகொண்டே இருந்தது. 1871இல் ஜனத்தொகை 8 லட்சத்தைக் கடந்துவிட்டது.

கழிவனைத்தையும் ஸ்பிரே ஆற்றில் விட்டுவிடலாமென்று முதலில் ஒரு திட்டம் வந்தது. அங்ஙனஞ் செய்தால் கீழ்ப்புறத்து ஊரார் கதி என்னாவது என்ற கேள்வி எழுந்தது. ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்னும் இஞ்சினீயர் வேறொரு திட்டம் வகுத்தார். நகரத்தைப் 12 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கழிவுநீரை ஒரு தாழ்ந்த இடத்துக்குக் கொணர்ந்து, அங்கிருந்து யந்திரத்தால் நகருக்கு வெளியே தள்ளி, மணற்பாங்கான வயல்களிற் பாய்ச்சுவதென்பது அத்திட்டம். மண் கழிவை வடிகட்டும். பயிருக்கு எருவும் ஆகும். இதை ஆராய்வதற்கு ஏற்பட்ட கமிட்டியை விர்ச்சோ முன்னின்று நடத்தினார். மழையளவு, நிலத்தடி நீர்மட்டம், மரணக் கணக்கு ஆகியவற்றை ஆண்டுக்கணக்கிற் சேகரித்து ஒப்பிட்டு, ஹோப்ரெக்டின் திட்டமே தக்கதென்று அறிக்கை அளித்தார்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. பிரஷ்ய நகராட்சிச் சட்டப்படி நகரசபை அங்கத்தினரிற் பாதிப்பேர் வீட்டுச் சொந்தக்காரராய் இருத்தல் வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் இணைக்குஞ் செலவு அவர்கள் தலையில் விழுவது. குடியிருப்போரின் குழந்தைகள் மடிவதோ அவர்கள் கணக்கில் ஏறுவதில்லை. செலவு ஒருவருக்கும் நன்மை மற்றொருவருக்குமாக இருக்கும் இடத்தில் நியாயத்தை மட்டும் பேசிப் பயனில்லை என்பதை உணர்ந்த விர்ச்சோ, எண்களைக் கொண்டு பேசினார். நோயினால் வேலையிழப்பும், ஆஸ்பத்திரிச் செலவும், அநாதைகளைக் காக்குஞ் செலவும் நகரத்துக்கே திரும்பி வருகின்றன. சாக்கடைக்குச் செலவிடாத பணம் மிச்சமான பணமன்று. சபை இணங்கிற்று. 1873இல் வேலை தொடங்கி, ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் நகரின் பெரும்பகுதி முடிந்தது. நகருக்குத் தெற்கே ஆஸ்டோர்ப் முதலிய பண்ணைகளை நகரசபை விலைக்கு வாங்கிக் கழிவுநீரைப் பாய்ச்சிற்று. ஐரோப்பாவில் அசுத்தத்துக்குப் பேர்போன தலைநகரம், அந்நூற்றாண்டின் முடிவில் அயல்நாட்டு நகரசபையார் வந்து பார்த்துச் செல்லும் நகரமாயிற்று.

சந்தையும் ஆஸ்பத்திரியும்

சாக்கடையோடு அவர் நிற்கவில்லை. பன்றியிறைச்சியில் வாழும் டிரிக்கைனா என்னும் நுண்புழு, இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் உண்போரைக் கொல்லும் என்பதை அவரும் பிறரும் சோதனைகளால் நாட்டினர். 1865இல் ஹெடர்ஸ்லேபென் என்னும் கிராமத்தில் அப்புழுவால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கசாப்பு வேலை நகரெங்கும் தனியார் கொல்லைகளில் நடக்கும்வரை பரிசோதனை நடவாதென்று கண்டு, நகரசபையே பொதுக் கசாப்புச்சாலை கட்டி, ஒவ்வோர் இறைச்சியையும் பூதக்கண்ணாடியாற் சோதிக்கவேண்டுமென வற்புறுத்தினார். கசாப்புக்காரர்கள் தம் பிழைப்பு கெடுமென்று எதிர்த்தனர். பெர்லினில் அச்சாலை திறக்கப்பட்டது 1881இல்; ஜெர்மனி முழுவதற்கும் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது 1900இல். விஷயம் தெளிவான பின்னும் சட்டம் பிறக்க எத்தனை காலம் செல்கின்றது பாருங்கள்!

நகரசபையே தன் செலவில் நடத்தும் ஆஸ்பத்திரிகள் எழுவதற்கும் அவரே பெரிதும் காரணராயிருந்தார். அவற்றுள் பிரிட்ரிக்ஸ்ஹைன் ஆஸ்பத்திரி 1874இல் திறக்கப்பட்டது. பள்ளிக்கூட அறைகளில் வெளிச்சமும் காற்றும் போதாமையாற் குழந்தைகளுக்கு உண்டாகும் கேடுகளையும் அவர் எடுத்தெழுதினார்.

1861இல் முற்போக்குக் கட்சியை ஸ்தாபித்தவர்களுள் அவரும் ஒருவர். மறு ஆண்டு பிரஷ்யச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்று, வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாக ஆராய்ந்தார். பிரதம மந்திரி பிஸ்மார்க்கின் பெரும் பகைக்கு இலக்கானார். 1865இல் கப்பற்படைச் செலவைப் பற்றிய வாதத்தில் சினமுற்ற பிஸ்மார்க் அவரைத் துவந்த யுத்தத்துக்கு அழைத்தார், விர்ச்சோ மறுத்துவிட்டார். புழுவுள்ள இறைச்சியை ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார் என்று வழங்கும் வேடிக்கைக் கதைக்கு ஆதாரமில்லை. 1869இல் படைச் செலவைக் குறைத்து, அயல் ராஜ்யங்களோடு சமாதான வழி தேடவேண்டுமென்று அவர் கொணர்ந்த தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டே பிரான்ஸுடன் யுத்தம் மூண்டபோது, தோற்ற வருத்தத்தைப் பாராட்டாமல், காயம்பட்டவருக்கு ஆஸ்பத்திரி ரயில்களும் கூடாரங்களும் அமைப்பதில் முன்னின்றார்.

குறையும் நிறையும்

பெரியாரின் சரித்திரம் எழுதுவோர் அவருடைய குறைகளை மறைத்தல் தகாது. பிரசவ அறைக்குள் நுழையுமுன் வைத்தியர்கள் கைகளைச் சுண்ண மருந்து நீரிற் கழுவவேண்டுமென்று 1847இல் வியன்னாவிற் கூறிய செம்மல்வைஸின் கொள்கையை அவர் நெடுநாள் ஏற்கவில்லை. 1882இல் ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டுபிடித்தபோதும், ஒரு கிருமியே நோய்க்கு முழுக் காரணம் என்பதை ஒப்பத் தயங்கினார். அவருடைய பெயருக்கிருந்த செல்வாக்கினால் இத்தயக்கம் பிறரையும் தாமதிக்கச் செய்தது. இக்குறையும் அவருடைய நிறையின் மறுபுறமே என்று தோன்றுகின்றது. ஒரே கிருமி வறியோர் தெருவில் மிகுதியாகவும் செல்வர் தெருவிற் குறைவாகவும் கொல்வானேன் என்ற கேள்வியை அவர் விடவேயில்லை. கிருமியைக் கண்டவரும் வேண்டும். தெருவைக் கண்டவரும் வேண்டும். இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதே நல்ல ராஜாங்கத்தின் வேலை.

1902ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து இறங்குகையில் விழுந்து தொடையெலும்பு முறிந்தது. அதினின்று தேறாமல், செப்டம்பர் 5ஆம் தேதி தமது எண்பதாம் வயதிற் காலமானார். பெர்லின் நகரமே தன் செலவில் அவருக்கு இறுதிக்கடன் ஆற்றிற்று. 1906இல் திறந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே இட்டனர். இன்றும் அப்பெயர் அங்கே நிலவுகின்றது.

முடிவுரை

ராஜாங்கத்தின் எல்லாக் கொள்கைகளிலும் ஆரோக்கியத்தைக் கருதவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2013இல் ஹெல்சிங்கி நகரிற் கூடி அறிக்கை விடுத்தனர். 1848இல் ஒருவர் எழுதி, மறு ஆண்டு வேலையை இழக்கக் காரணமான கருத்துக்களில் ஒன்றே, எழுதப்பெற்ற 165 ஆண்டுகளுக்குப் பின் சர்வதேச சபையின் தீர்மானமாயிற்று. எனினும் தீர்மானம் வேறு, நடைமுறை வேறு. எந்நாட்டிலும் சுகாதார மந்திரியின் கையில் ஆஸ்பத்திரிச் சாவி மட்டுமே இருக்கின்றது. வீடு, குடிநீர், உணவு விலை, கூலி, கல்வி ஆகியவற்றின் சாவிகள் வேறு வேறு மந்திரிகளின் கையில் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவரும் கையெழுத்திடுமுன், இதனால் யாருடைய ஆயுள் கூடும், யாருடைய ஆயுள் குறையும் என்று கேட்கத் தொடங்குவார்களாயின் அதுவே விர்ச்சோவுக்குச் செய்யும் மரியாதையாகும்.

மந்திரிகளை மட்டும் சொல்லி நாம் தப்பித்துக்கொள்வதற்கில்லை. விர்ச்சோவின் பணி மந்திரி பதவியிலிருந்து நடந்ததன்று. நகரசபையின் ஒரு நாற்காலியிலிருந்து நடந்தது. நம் ஊர்களிலும் நகரசபைகளும் ஊராட்சிகளும் உள்ளன. வரவுசெலவுக் கணக்குகள் ஆண்டுதோறும் வாசிக்கப்பெறுகின்றன. அக்கூட்டத்துக்குச் சென்று, கணக்கைப் படித்து, சாக்கடைக்கும் குடிநீருக்கும் ஒதுக்கிய தொகை எங்கே சென்றது என்று எழுந்து கேட்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தாற்கூடப் போதும். அவ்வொருவராக இருக்க நம் அன்பர்களிற் சிலரேனும் முன்வரவேண்டுமென்று வேண்டுகின்றோம்.